மொட்டைமாடியில் பார்த்த வெளிச்ச வரிசை

கரிசல்காட்டான்:
வானத்தில் விளங்காத எதையாவது பார்த்தவர்கள் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இருட்டிக்கொண்டு வரும் நேரம். அம்மா மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். "டேய், மேல வா, சீக்கிரம் வா" என்று சத்தம். குரலே சரியில்லை. ஓடினேன். வடமேற்கில் வேப்பமரத்துக்கு மேலே ஒளிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. நூலில் கோத்த மணி மாதிரி ஒரே கோடு, ஒரே இடைவெளி. விமானம் என்றால் இரைச்சல் கேட்குமே, அதுவும் இல்லை. இருபத்து மூன்று வரை எண்ணினேன். அதற்குள் முன்னால் போனவை அணையத் தொடங்கிவிட்டன. ஒவ்வொன்றும் சரியாக அதே இடத்துக்கு வந்ததும் மங்கி மறைந்தது, எறும்பு வளைக்குள் நுழைவதுபோல. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். துணியெல்லாம் கீழே கிடந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது ஸ்டார்லிங்க். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணையச் சேவைக்காக அனுப்பும் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 போயின, அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஏவிய புதிதில் தாழ்வாக, வரிசையாகப் பறக்கும். நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும், அதில்தான் மின்னுகின்றன. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைகின்றன.

தெரிந்ததும் மனசு கனத்துப்போனது. அன்றைக்கு நாங்கள் நிஜமாகவே வேற்றுக்கிரகத்திலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தோம்.

நெடுஞ்சாலை:
தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதினேழு வயசு ஞாபகம் வந்தது. லாரியில் கிளீனராக இருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் ரோடு, விடிய இன்னும் நேரம் இருந்தது. வலதுபக்கம் ஒரு பெரிய வெளிச்சம் கூடவே வருகிறது. வண்டி திரும்பினால் அது கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கும், மறுபடி திரும்பினால் மலைக்குப் பின்னால் ஒளியும். கொஞ்ச நேரம் சிவப்பாகவும் இருந்தது. டிரைவர் அண்ணனை எழுப்பிவிடலாமா என்று பார்த்தால், ஓட்டுவதே அவர்தான்! "அண்ணே, துரத்துது" என்றேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "விடிவெள்ளிடா, எங்க போனாலும் வரும்."

வெள்ளி கிரகம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நாம் எத்தனை மைல் போனாலும் அது இடம் மாறியதாகத் தெரியாது, அதனால் கூட வருவதுபோலத் தெரிகிறது. இதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். சரி, வேற்றுக்கிரகத்து ஆட்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

கரிசல்காட்டான்:
நம்புகிறேன் அண்ணே. நம் பால்வெளியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்கள் 5,000க்கு மேல் உறுதியாகியிருக்கின்றன. ஆனால் இங்கே வந்து போகிறார்கள் என்பதை நம்ப முடியவில்லை, தூரம் அப்படி. வாயேஜர் 1 என்ற விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரியின் தூரத்தைக் கடக்கவே 70,000 ஆண்டுக்கு மேலாகும்.

ஆள் வராவிட்டாலும் குரல் வரலாம். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஓஹாயோவில் 'பிக் இயர்' ரேடியோ தொலைநோக்கியில் 72 நொடி நேரம் நீடித்த ஒரு சிக்னல் பதிவானது. அந்தத் தொலைநோக்கி வானத்தைப் பின்தொடர்ந்து திரும்பாது; பூமி சுழலும்போது வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க ஆகும் நேரமும் 72 நொடிதான். சிக்னலும் மெல்ல ஏறி உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கியது, வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அலைவரிசையோ விண்வெளியில் ஹைட்ரஜன் அணுக்கள் இயல்பாக வெளியிடும் ரேடியோ அலைவரிசைக்கு மிக அருகில். சில நாள் கழித்து அச்சுத்தாளைப் பார்த்த ஜெர்ரி எஹ்மன், சிவப்பு மையில் வட்டம் போட்டு ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார். வானத்தின் அந்தத் திசையை எத்தனையோ முறை மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மறுபடி வரவே இல்லை.

அந்தத் தொலைநோக்கியை 1998இல் பிரித்துவிட்டார்கள் என்று படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து எழுதுகிறவர்கள் எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக்காட்டப் போகிறேன்.