பொருள்: கேட்டலாக்குக்குத் தமிழ் – பட்டியலா, அடங்கலா?

அம்பாசமுத்திரம் டீச்சர், செவ்வாய் இரவு:
எல்லாருக்கும் வணக்கம். மாசி கடைசிச் சனிக்கிழமை ராத்திரி, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறோம். ஆறு ஃபிளக்ஸ் தட்டி; வியாழன் சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போகணும். விண்மீன் கொத்து, விண்முகில், கேலக்ஸி எல்லாம் எழுதியாச்சு. இவற்றையெல்லாம் எண் போட்டு வரிசைப்படுத்திய பிரெஞ்சு வானியலாளர் மெசியரின் 'மெசியர் கேட்டலாக்' என்ற தலைப்பில்தான் முட்டி நிற்கிறேன். பட்டியல் என்றால் பலசரக்குச் சீட்டு மாதிரி இருக்காம், எங்கள் ஹெச்.எம். சொல்கிறார். ஒரே ஒரு சொல் தாருங்கள்.

பாளையங்கோட்டைப் புலவர்:
அட்டவணை வேண்டாம், மராட்டியர் கச்சேரி வழி வந்தது. நிகண்டு பொருந்தும், ஆனால் வடசொல். எட்டுத்தொகை கண்ட மொழியில் இதற்கா பஞ்சம்? 'மெசியர்தொகை' என்க.

கடையநல்லூர் தம்பி:
ஐயா, தொகை என்றால் எங்க அம்மா "எவ்ளோ ரூவா?" என்று கேட்பாள்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி:
டீச்சரம்மா, நான் கிராமக் கணக்கு எழுதியே தலை நரைச்சவன். என் ஓட்டு 'அடங்கல்'. கிராமக் கணக்கில் இரண்டாம் நம்பர்தான் அடங்கல்; அதில் என்ன இருக்கு? சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, என்ன பயிர், பாசனம் எது. டிரையர் என்ற வானியலாளர் 1888-இல் போட்ட என்.ஜி.சி. என்ற விண்பொருள் கேட்டலாக்கில் என்ன இருக்கு? வரிசை எண், வானத்தில் இருக்கும் இடம், பார்வைக்கு எப்படி என்று ஒரு வரிக் குறிப்பு. 7840 உருப்படி. அடங்கல் இல்லாமல் வேறென்னவே அது? தப்புகூட ஒரே மாதிரி. நான் எழுதின அடங்கலிலேயே கிணறு இருக்கும், போய்ப் பார்த்தால் வெறும் தரை. என்.ஜி.சி.யிலும் சில எண்ணுக்குப் போனால் அங்கே ஒன்றும் கிடையாது. மெசியரின் 102-ஆவது 101-ஐயே இரண்டாம் தடவை பதிந்ததா என்று இன்னமும் வழக்கு ஓடுது.

பாளையங்கோட்டைப் புலவர்:
அடங்கல்! மூவர் தேவாரத்துக்கே அடங்கன்முறை என்றுதானே பெயர். அடங்கு, அடக்கம், அடக்கவிலை எல்லாம் ஒரே வேர். 'உள்ளே கொள்ளுதல்' மூலப்பொருள். அடைதல், அடைவு, அடை எனப் பின்னோக்கிப் போனால்...

கடையநல்லூர் தம்பி:
ஐயா அந்த வழியே போனால் 'நல்லடக்கம்' போஸ்டர் வரைக்கும் வந்துவிடும்.

பாளையங்கோட்டைப் புலவர்:
வந்தால் என்ன தம்பி? எம் 57, அதாவது மெசியரின் 57-ஆவது, வளைய முகில்; அது சாகும் விண்மீன் உதறிய மேலுறைதானே. பொருத்தம் என்பேன்.

அம்பாசமுத்திரம் டீச்சர், புதன்:
சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்று: கொத்து, முகில், கேலக்ஸி என்று சேராத மூன்றும் ஏன் ஒரே தாளில் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். மெசியர் தேடியது வால்மீன். அவர் தொலைநோக்கியில் இவை எல்லாமே வெறும் பஞ்சுத் திட்டு. வால்மீன் என்று ஏமாறாமல் இருக்கக் குறித்துவைத்தார். 1774-இல் 45, 1781-இல் 103, பிறகு வந்தவர்கள் சேர்த்து 110. சொல்லில் இதுவும் தொனிக்குமா?

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி:
அப்போ அவருக்கு அது பூராவும் புறம்போக்கு!

இடையன்குடிப் பக்கத்துக்காரர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். கால்டுவெல் பட்டியல் என்றும் ஒன்று உண்டாமே. நம்ம பிஷப் நட்சத்திரமும் பார்த்தாரா?

கடையநல்லூர் தம்பி:
அவர் இல்லை அண்ணே. பேட்ரிக் மூர் என்ற ஆங்கில வானியல் எழுத்தாளர் 1995-இல் போட்டது, 109 உருப்படி. எம் எழுத்தை மெசியர் பிடித்துக்கொண்டதால் கால்டுவெல்-மூர் என்ற தன் முழுக் குடும்பப்பெயரிலிருந்து சி எடுத்தார். டீச்சர், அதில் சி 80 ஒமேகா சென்டாரியைக் கண்டிப்பாகப் போடுங்கள். பாரிஸிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலேயே வராது, அதனால் மெசியரிடம் கிடையாது. நமக்கு நடுநிசி தாண்டித் தெற்கே சுமார் 34 பாகை உயரத்துக்கு வரும். பெரிய கொத்து, கண்ணுக்கே தெரியும். சொல் விஷயத்தில் என் ஓட்டு பட்டியலுக்கு. அடங்கல் என்று தட்டி வைத்தால் பட்டா, சிட்டாவோடு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

பாளையங்கோட்டைப் புலவர்:
புரிகிறது என்பதற்காகவே ஒரு சொல்லை ஏற்பதானால் கேட்டலாக் என்றே எழுதிவிடலாமே. பேருந்து என்றபோதும் சிரித்தார்கள்.

அம்பாசமுத்திரம் டீச்சர், வியாழன் மதியம்:
அச்சகத்துத் தம்பி மூன்று தடவை போன் பண்ணிவிட்டான். இதுவரை பட்டியலுக்கு ஐந்து, அடங்கலுக்கு இரண்டு, தொகைக்குப் புலவர் ஐயா ஒருவர். 'மெசியர் பட்டியல்' என்றே அனுப்புகிறேன். ஹெச்.எம்.மிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி:
போகட்டும்மா. சனிக்கிழமை தொலைநோக்கி தூக்க நான் வாரேன். பிள்ளைகள் பார்த்ததைக் குறிக்க ஒரு நோட்டுக்குக் கோடு போட்டுவைத்திருக்கேன்: எண், இடம், பரப்பு, வெளிச்சம். முதல் வரி எம் 45, நம்ம கார்த்திகை. அட்டையில் அடங்கல்தான் எழுதியிருக்கேன்.

பாளையங்கோட்டைப் புலவர்:
அச்சுக்குப் போய்விட்டதா? பிரெஞ்சில் அவர் பெயர் மெசியே. ரகரம் ஒலிக்காது.