மாநில அரசின் செலவில் உண்மையில் வீணாவது எது? வரி கட்டுபவர் அதை எங்கே போய்க் கேட்பது?

பட்டறைக்காரன் (கோவை) எழுதியது:

கோவையில் ஒரு சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோது எங்களைப் போன்ற குறுந்தொழில் செய்வோரை அதிகம் வாட்டியது யூனிட் விலை அல்ல, நிலைக்கட்டணம்தான். ஆர்டர் இல்லாமல் எந்திரம் நின்றிருந்தாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் கட்டணம் மறுபடி ஏறியது. இதற்கிடையில் சொத்துவரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது, பத்திரப்பதிவுச் செலவு கூடியது, புதிய வண்டிக்குச் சாலை வரியும் கூடியது.

வரி கட்டுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கட்டிய பணம் என்னவாகிறது என்பதுதான் உறுத்துகிறது. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான மாநிலத்தின் மொத்தக் கடன் ஏறத்தாழ 5.70 லட்சம் கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையோ, அந்த நிதியாண்டின் இறுதியில் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்றது. நாங்கள் கூடுதலாகக் கட்டியதெல்லாம் எங்கே போயிற்று? தார் போட்ட ஈரம் காய்வதற்குள் குழாய் பதிக்கத் தோண்டப்படும் சாலையைப் பார்க்கும்போது ஒரு விடை கிடைத்தது போல இருக்கிறது. ஆனால் கடன் இந்த அளவுக்கு ஏறுவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

தொழில் நண்பர்களிடம் கேட்டால் ஒரே சொல்லில் "இலவசம்" என்று முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு நிறைவான விடையாகப் படவில்லை. கணக்கு தெரிந்தவர்கள் இரண்டு விஷயங்களை விளக்க வேண்டுகிறேன்: அரசின் செலவில் உண்மையிலேயே வீண் என்று எதைச் சொல்லலாம்? கட்சி சாராத ஒரு சாதாரண மனிதர் அதைப் பற்றிக் கேள்வி கேட்க என்ன வழி?

பழைய பேரேடு எழுதியது:

கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் ஒரு பிரிவினை தேவை. சொத்துவரியை உயர்த்தும் ஆணையை மாநில அரசு பிறப்பித்தாலும் அந்தப் பணம் உங்கள் மாநகராட்சிக்குப் போகிறது. தோண்டிய சாலைக்கு அங்கேதான் கணக்குக் கேட்க வேண்டும். மின்கட்டணம் வரியே அல்ல, ஒரு அரசு நிறுவனத்தின் வருவாய். மாநில அரசின் கையில் சேர்வது ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல், டீசல், மது மீதான வரி, முத்திரைத்தாள் கட்டணம், வாகன வரி, ஒன்றிய அரசு பகிர்ந்தளிக்கும் தொகை ஆகியவை. அந்தப் பகிர்விலும் பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 விழுக்காடு மட்டுமே என்பதால், நாம் கட்டும் வருமான வரியில் பெரும்பகுதி நம் மாநிலக் கணக்குக்கு வருவதில்லை.

கடன் வாங்குவதே தவறு என்று நான் நினைக்கவில்லை. அணைக்கும் துறைமுகத்துக்கும் வாங்கும் கடன் பின்னால் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளக்கூடும். கவலைக்குரியது வருவாய்ப் பற்றாக்குறை. அதாவது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாமல் கடன் வாங்குவது. 2025-26க்கு அது சுமார் 41,600 கோடி என மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டில் வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 70,000 கோடி. இதை வீண் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு ரூபாயும் கொடுத்தே தீர வேண்டிய பணம். ஆனால் இவ்வளவு இறுக்கத்தில் இருக்கும் அரசு எதையும் இரண்டு முறை வாங்கக் கூடாது. நம் மாநிலம் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது.

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல நூறு கோடி செலவில் எழுந்த புதிய சட்டப்பேரவை, தலைமைச் செயலக வளாகத்தை 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். மேற்கூரைக் குவிமாடம் அதற்குள் முடியவில்லை என்பதால் திரைப்படக் கலை இயக்குநரைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் ஒன்று செட்டாகப் போடப்பட்டது. 2011 மே மாதம் ஆட்சி மாறியதும் பேரவை மீண்டும் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. பேரவைக்கென்று கட்டிய கட்டடம் மேலும் செலவழித்து மாற்றப்பட்டு 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆயிற்று. கட்டுமானத்தில் முறைகேடு உண்டா என்று விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் அமைந்த ஆணையத்தின் கதை இதைவிட விசித்திரமானது. நீதிமன்றத் தடையால் விசாரணை நின்ற பின்னும் ஆணையத்துக்கான செலவு நிற்கவில்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சுட்டிக் கண்டித்த பிறகே அவர் பதவி விலகினார். வீண் செலவை விசாரிக்கப் போன இடத்திலும் வீண் செலவு.

அதே 2011இல், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்விக்காகச் சுமார் 200 கோடி ரூபாயில் அச்சிட்ட பாடநூல்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தபோது, புதிய அரசு திட்டத்தையே நிறுத்தி வைக்கச் சட்டத்தைத் திருத்தியது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்த ஆணையிடும்வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தார்கள். நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முறை வந்தது. சுமார் 170 கோடியில் கட்டித் திறந்து ஓராண்டு சற்றே கடந்திருந்த அந்த நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக முடிவெடுத்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அதுவும் இரண்டாம் முறை வாங்கிய பொருளாகியிருக்கும்.

நான் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லவில்லை. அடுத்த ஆட்சியில் நிலைக்குமா என்று யோசிக்காமல், தேர்தலுக்குள் திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முடியாத கட்டடத்துக்குச் செட் போட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு.

கரும்பலகை எழுதியது:

பேரேடு ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஓமந்தூரார் மருத்துவமனையில் இதய அறுவைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் வரும் ஏழைகளைப் பார்த்தவர்கள் அந்தக் கட்டடம் வீணாயிற்று என்று சொல்லத் தயங்குவார்கள். முடிவெடுத்த விதம் தவறாக இருக்கலாம். விளைந்த பயன் வேறு கணக்கு.

நான் எழுத வந்தது "இலவசம்" பற்றி. அரசுப் பள்ளி ஆசிரியை நான். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது மாநிலத்தின் கஜானா தாங்காது என்று படித்தவர்கள்தான் அதிகம் எதிர்த்தார்கள். இன்று அதை வீண் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். முதல் பாடவேளையில் சோர்ந்து தலைகவிழ்ந்து கிடந்த பிள்ளைகள் இப்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது, அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 கோடி. இதற்கு அதிர்ச்சி அடைபவர்கள், டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023-24இல் 45,000 கோடிக்கு மேல் வந்ததையும், அதில் கணிசமான பகுதி அதே பெண்களின் வீட்டுக் கூலிப்பணம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். தீப்பெட்டி வாங்குபவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார். வருமான வரி செலுத்துபவர் மட்டுமே வரி கட்டுபவர் என்ற பேச்சு இந்த விவாதத்தில் எங்கும் வந்துவிடக் கூடாது.

இலவசத் திட்டங்களில் வீண் உண்டா என்றால், உண்டு. அது கொடுப்பதில் இல்லை, கொடுக்கும் காலத்தில் இருக்கிறது. 2017-18இல் பிளஸ் டூ முடித்தவர்கள் தங்களுக்கு வர வேண்டிய மடிக்கணினி வராமல் 2019இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கல்லூரியில் சேரும்போது கையில் இருக்க வேண்டிய பொருள், கல்லூரிப் படிப்பு பாதி கடந்த பின் வருமானால் அதில் போட்ட பணத்தின் பயன் பாதியாவது போய்விடுகிறது. இந்தத் தாமதத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

மின்மாற்றி எழுதியது:

பட்டறைக்காரருடைய கேள்வியின் தொடக்கமே மின்கட்டணம். அதை யாரும் தொடவில்லை. மின்வாரியத்தில் இருந்தவன் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2021 வெள்ளை அறிக்கையின்படி மின்வாரியத்துக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2.36 ரூபாய் இழப்பு, அரசுப் பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 59.15 ரூபாய் இழப்பு. கட்டணம் பல ஆண்டுகள் உயராமல் இருந்ததும், வாங்கும் மின்சாரம் விலை கூடியதும், கடனுக்கு மேல் கடன் வாங்கி வட்டி கட்டியதும் மின்வாரிய இழப்புக்குக் காரணங்கள். மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்க ஒன்றிய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் தமிழ்நாடு சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அன்று வாரியம் தப்பித்தது; ஆனால் அந்தச் சுமை அரசின் கடனாகி உங்கள் வரிக்குள் வந்துவிட்டது. ஐந்தாண்டு கழித்து அதே இழப்புக்காகக் கட்டணமும் உயர்ந்தது. வரி கட்டுபவராக ஒரு முறை, நுகர்வோராக ஒரு முறை என இருமுறை கட்டுகிறீர்கள்.

இதில் எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது வேளாண் பம்புசெட்டு. இலவச மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழவருக்கு அது தேவை. ஆனால் பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால் அங்கே போகும் மின்சாரம் அளக்கப்படுவதில்லை, மதிப்பிடப்படுகிறது. கம்பியில் கசிந்ததும், திருட்டில் போனதும், கணக்கில் சறுக்கியதும் எல்லாம் உழவர் பெயரில் எழுதப்பட இடம் இருக்கிறது. மீட்டர் வைத்தால் கட்டணம் வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது; கட்டணம் கிடையாது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டு மீட்டர் வைக்க எந்த அரசும் துணியவில்லை. அளக்காத இடத்தில் எவ்வளவு வீணாகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுநிலையான் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் கமிஷன் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லையே! டெண்டரில் போகும் விழுக்காட்டை நிறுத்தினாலே பாதிக் கடன் அடைந்துவிடும்.

பழைய பேரேடு எழுதியது:

ஊழல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. "பாதிக் கடன்" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஆதாரமில்லாத பெரிய எண்ணைச் சொன்னால் அதிகாரி சிரித்துவிட்டுப் போய்விடுவார். கோப்பு எண்ணோடு சிறிய தொகையைக் கேட்டால் அவர் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கும். மின்மாற்றி சொன்னதில் நான் ஒன்று மட்டும் சேர்ப்பேன்: பேருந்தின் இழப்பு முழுவதையும் வீண் என்று எழுதக் கூடாது. லாபம் வராத மலைக்கிராமத்துக்கும் வண்டி விடுவது அரசின் கடமை. அந்தச் செலவையும் மோசமான நிர்வாகத்தின் செலவையும் தனித்தனியே காட்டாததுதான் தவறு.

பட்டறைக்காரன் (கோவை) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன தாமதம் என்ற கோணம் எனக்குப் புதிது. இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. "கோப்பு எண்ணோடு கேட்க வேண்டும்" என்கிறார் பேரேடு ஐயா. என்னைப் போன்ற ஒருவருக்கு அந்த எண் எங்கே கிடைக்கும்?

பழைய பேரேடு எழுதியது:

நிதிநிலை அறிக்கை உரையோடு நின்றுவிடாதீர்கள். அதில் அறிவிப்புகள்தான் இருக்கும். துறைகளுக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே படிக்கலாம். சென்ற ஆண்டு அறிவித்த பணி எந்த நிலையில் இருக்கிறது என்பது அங்கே ஓரிரு வரியில் வரும். சென்ற ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சத்தமில்லாமல் காணாமல் போன திட்டம் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி (இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர்) அறிக்கை. அரசியலமைப்பின் 151ஆவது பிரிவின்படி அது ஆளுநர் வழியாகப் பேரவையில் வைக்கப்பட வேண்டும். கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டால் விவாதம் நடக்காது என்பது எல்லா ஆட்சிக்கும் தெரிந்த உத்தி. ஆனால் வைத்த பிறகு அது பொது ஆவணம். எந்தக் கட்டடம் கட்டிப் பூட்டிக் கிடக்கிறது, எந்த எந்திரம் வாங்கிப் பிரிக்கப்படாமல் இருக்கிறது, எந்தத் துறை பணத்தை எடுத்துச் செலவிடாமல் வேறு கணக்கில் போட்டு வைத்திருக்கிறது என்பதெல்லாம் ஊர் பெயர், தொகையுடன் அதில் இருக்கும். உங்கள் மாவட்டத்தின் பெயர் வரும் பத்திகளை மட்டும் தேடிப் படித்தாலே போதும்.

அப்படி ஒரு பத்தி கிடைத்ததும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் வீணடித்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன அறிக்கையின் இன்ன பத்தியில் குறிப்பிட்ட பணிக்கான நிர்வாக ஒப்புதல் ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் நகல், பணி முடிவுச் சான்று ஆகியவற்றைத் தருக" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பு எண் அந்த ஒப்புதல் ஆணையிலேயே இருக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், போட்ட சாலையின் பொருள் மாதிரியைச் சான்றுடன் பெறவும்கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது. உங்கள் தெருச் சாலைக்கு மாநகராட்சியிடம் இதையே பயன்படுத்தலாம்.

பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். பெரும்பாலோர் இந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். எல்லாவற்றையும் விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.