மீட்டரே இல்லாத பம்புசெட்டுக்கு யூனிட் கணக்கு எப்படி?

கேள்வி: எங்க கிணத்து மோட்டார் 5 எச்.பி., இலவச சர்வீஸ், மீட்டர் கிடையாது. ஆனா மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோட கட்டண உத்தரவுல விவசாயத்துக்கு இத்தனை கோடி யூனிட்னு போடறாங்களே, யாரு எண்ணினது?

பதில்: யாரும் எண்ணலைங்க, மதிப்பீடுதான். சில சர்வீஸ்ல மட்டும் மாதிரிக்கு மீட்டர் வைப்பாங்க. அதுல ஒரு எச்.பி.க்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு பாத்து, எல்லா பம்புசெட்டோட மொத்த எச்.பி.யால பெருக்கிடுவாங்க. 1 எச்.பி. 0.746 கிலோவாட்; ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். உங்க மோட்டார் வருஷம் 1,000 மணி நேரம் ஓடினா சுமார் 3,730 யூனிட். காயில் எரிஞ்சு மறுபடி கட்டின பழைய மோட்டார்னா இன்னும் இழுக்கும். 5னு பதிஞ்சுட்டு 7.5 ஓட்டறவங்களும் உண்டு (உங்களைச் சொல்லலை!).

கேட்டவர்: விவசாய யூனிட்டைக் கூட்டிப் போட்டா யாருக்கு லாபம்?

இன்னொருவர்: அங்கதான் விஷயமே இருக்கு. லைன் லாஸ் (கம்பியில வீணாகற மின்சாரம்), திருட்டு எல்லாத்தையும் மின்வாரியம் விவசாயத் தலையில கட்டிட்டா இழப்பு சதவீதம் குறைச்சலாத் தெரியும், அரசுகிட்ட மானியமும் கூடக் கேக்கலாம். மீட்டர் வழியாத்தான் சப்ளைன்னு 2003 மின்சாரச் சட்டம் 55ஆம் பிரிவுலயே இருக்கு. மீட்டர் வந்தா இலவசம் போயிடும்னு நமக்குப் பயம். விவசாய பீடரை (துணை மின்நிலையத்துல இருந்து வர்ற லைனை) தனியாப் பிரிச்சு அதுல மீட்டர் வெச்சாலே பாதி புரட்டு வெளிய வந்துடும்.

முதல்ல பதில் சொன்னவர்: குடிசைக்குக் குடுக்கற இலவச சர்வீஸ் இன்னும் மோசம். ஆரம்பத்துல ஒத்தை பல்புக்குன்னு குடுத்தது, இப்ப உள்ள டிவி, ஃபேன், மிக்சி.