சேனல் வரவில்லை, பில் மட்டும் குறையவில்லை: இது சரியா?

செவ்வந்தி:
எங்கள் டிடிஎச் நிறுவனத்துக்கும் ஒரு பெரிய சேனல் குழுமத்துக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் தகராறு. பதினோரு நாளாக அந்தக் குழுமத்தின் 14 சேனல்களும் வரவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை ஓடாது. ரிமோட்டைப் பார்க்காமலேயே இடது கட்டைவிரலால் தன் செய்திச் சேனலின் மூன்று எண்களை அழுத்தப் பழகியிருக்கிறார். இப்போது அழுத்தினால் நீலத் திரையில் ஓர் அறிவிப்பு: "இந்தச் சேனலின் உரிமையாளர் நியாயமற்ற விலை கேட்பதால்..." எழுத்தும் பொடி. தான் தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி அழுத்துகிறார்.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். பேக்கில் உள்ள சேனல்கள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், அதனால் பில்லில் கழிவு கிடையாதாம். சரி, விலகிக்கொள்கிறேன் என்றால் 24 மாத ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு அபராதம் கட்டச் சொல்கிறார்கள்.

அவர்கள் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இல்லை. வராத நாட்களுக்குப் பணத்தைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் அபராதம் இல்லாமல் என்னை விடுங்கள். இதில் என்ன தப்பு?

ஏழாம்_அலை:
உங்கள் அப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் கோபம் தவறான ஆள்மேல் விழுகிறது என்றுதான் சொல்வேன். டிடிஎச் நிறுவனம் சண்டை போடாமல் கேட்ட விலையைக் கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் பில்லில்தான் வந்து ஏறும்.

இந்தச் சண்டைகள் அதிகம் நடக்கிற அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்கள் தங்கள் சிக்னலை மறு ஒளிபரப்பு செய்ய அனுமதி தந்து அதற்குப் பணம் கேட்கும் உரிமை 1992 கேபிள் சட்டத்தில் வந்தது. கூரையில் ஆன்டெனா வைத்தால் இலவசமாகக் கிடைக்கும் அதே சிக்னல்தான். 2006 வாக்கில் சில நூறு மில்லியன் டாலராக இருந்த அந்த வசூல் இன்று ஆண்டுக்குப் பத்து பில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. எல்லாம் சந்தாதாரர் பணம்.

அப்புறம், ஒன்று வேண்டுமென்றால் பத்தையும் எடு என்று கட்டாயப்படுத்துவது சேனல்காரர்கள்தான். 2024 செப்டம்பர் 1 அன்று டிஸ்னி சேனல்கள் டைரக்ட்டிவி என்ற அமெரிக்க டிடிஎச் நிறுவனத்தில் நின்றன, 1.1 கோடி வீடுகளில். டைரக்ட்டிவி கேட்டது சின்னச் சின்ன பேக்குகளாக விற்கும் உரிமை. 13 நாள் தாங்கிப் பிடித்தார்கள், கிடைத்தது. அடுத்த வருடமே விளையாட்டுக்குத் தனி பேக், செய்திக்குத் தனி பேக் என்று வந்தது. முதல் நாளே விட்டுக்கொடுத்திருந்தால் வந்திருக்குமா?

நீங்கள் கேட்கிறபடி கழிவைக் கட்டாயமாக்கினால் இந்தத் தாக்குப்பிடிக்கும் பலம் போய்விடும். சேனல் இருட்டாகும் ஒவ்வொரு நாளும் டிடிஎச் நிறுவனத்துக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தால் சேனல்காரர் ஏன் இறங்கி வருவார்?

நடுநிசி:
நான் சில வருடம் ஒரு சின்னச் சேனலின் விநியோகப் பிரிவில் வேலை பார்த்தவன். சேனல்காரர் என்றால் எல்லோரும் டிஸ்னி என்று நினைத்துப் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் பணம் தருவதில்லை. நாங்கள்தான் டிடிஎச்சுக்கும் கேபிளுக்கும் கேரேஜ் கட்டணம், அதாவது எங்கள் சேனலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான கட்டணம், கட்டி உள்ளே போகிறோம். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017 விதிகளில் அதற்கு ஒரு வரம்பு வைத்தது, சாதாரணச் சேனல் என்றால் ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசாவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று. அதற்கு முன்பு கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். கொடுக்க முடியாத வருடம் எங்கள் சேனல் ஒரு தளத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக எடுக்கப்பட்டது. நீலத் திரை அறிவிப்பு கூடக் கிடையாது. அந்த எண்ணில் காலையில் ஒரு விற்பனைச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் வேலை பார்த்த இடம்.

பெரிய குழுமங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. விளையாட்டு உரிமைகளை அவர்கள் பல வருடத்துக்கு மொத்தமாக வாங்குகிறார்கள். பார்ப்பவர் குறைந்தாலும் அந்தத் தொகை குறையாது. அந்தப் பணம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்?

செவ்வந்தி:
நடுநிசி அண்ணா, நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. சின்னச் சேனலுக்கு நடப்பது வெளியே தெரியவே இல்லை.

ஏழாம்_அலைக்கு ஒரே ஒரு கேள்வி. சேனல் நின்றிருக்கும் நாட்களுக்கு டிடிஎச் நிறுவனம் அந்தக் குழுமத்துக்குப் பணம் கட்டுகிறதா? கட்டுவதில்லை. சிக்னல் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, எதற்குக் கட்ட வேண்டும்? ஆனால் என்னிடம் முழுச் சந்தா வாங்குகிறார்கள். அந்த 14 சேனலுக்காக நான் கொடுத்த பங்கு இந்தப் பதினோரு நாளும் யாரிடம் இருக்கிறது? கைமாறாமல் அவர்களிடமே தங்கிவிட்டது. அதைத் திருப்பித் தந்தால் நஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மிச்சப்பட்ட பணத்தைத்தானே கேட்கிறேன்.

2018 நவம்பர் 1 அன்று அமெரிக்க டிடிஎச் நிறுவனமான டிஷ் நெட்வொர்க்கில் எச்பிஓ சேனல் நின்றது. 2021 ஜூலையில்தான் திரும்பி வந்தது. அவ்வளவு நாளும் யாரும் எச்பிஓவுக்குப் பணம் கட்டவில்லை, ஏனென்றால் அது தனியாக வாங்கும் சேனல், நின்றதும் பில்லிலிருந்தும் போய்விட்டது. அதனால் டிஷ் நெட்வொர்க்கின் பேரம் பேசும் பலம் குறைந்துவிட்டதா? இரண்டரை வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். பேக்குக்குள் இருக்கும் சேனலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

பழைய_ஆன்டெனா:
எதற்கு இவ்வளவு மன்றாட்டு? டிடிஎச்சைக் கழற்றிவிட்டு இணையம் வழியாகப் பாருங்கள். மாதா மாதம் கட்டலாம், பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாம். நான் மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

செவ்வந்தி:
எங்கள் இடத்தில் இணையம் ஒரு படம் முழுதாக ஓடும் அளவுக்கு நிற்காது. டிடிஎச் வைத்திருப்பவர்களில் பலர் அதனால்தான் வைத்திருக்கிறார்கள், வேறு வழி இருந்தால் எப்போதோ போயிருப்பார்கள். அதோடு இந்தச் சண்டை அங்கேயும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் கடைசியில், அமெரிக்காவில் இணையம் வழியாகச் சேனல்களைத் தரும் யூடியூப் டிவியில் டிஸ்னி சேனல்கள் நின்று இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தன. அவர்களாவது சந்தாதாரருக்கு 20 டாலர் கழிவு கொடுத்தார்கள்.

ஏழாம்_அலை:
செவ்வந்தி, நின்ற நாட்களுக்கு நிறுவனம் சேனல்காரருக்குக் கட்டுவதில்லை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாட்களில் வாடிக்கையாளர்கள் கழன்றுகொள்கிறார்கள், அழைப்பு மையத்துக்குக் கூட்டம் வருகிறது, இருப்பவர்களைத் தக்கவைக்கச் சலுகை தர வேண்டியிருக்கிறது. மிச்சமானது எல்லாம் லாபம் என்று நினைக்காதீர்கள்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. எவ்வளவு கழிப்பது? ஒரு சேனலுக்கு ஒரு வீட்டுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பது இரு நிறுவனங்களுக்கு நடுவே ரகசியம். ஒப்பந்தத்திலேயே வெளியிடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். சேனல் வாரியாகக் கழித்தால் அந்த விலை வெளியே வந்துவிடும்.

சேனல்காரர் எந்த அளவுக்குப் போவார் என்பதையும் மறக்கக் கூடாது. 2013 ஆகஸ்டில் அமெரிக்கக் கேபிள் நிறுவனமான டைம் வார்னர் கேபிளோடு சிபிஎஸ் சேனல் மோதியபோது, அந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள் சிபிஎஸ் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கும் நிகழ்ச்சிகளைக் கூட முடக்கினார்கள். டிவிச் சண்டைக்கு இணைய வாடிக்கையாளரைத் தண்டிப்பது. உங்கள் மூன்று பத்தியில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

கண்ணாடி_மேசை:
நுகர்வோர் சட்டம் படிப்பவள். விலை ரகசியம் என்பதால் கழிக்க முடியாது என்ற வாதத்துக்கு மட்டும் பதில்.

இந்தியாவில் அந்த ரகசியமே இல்லை. ட்ராய் 2017-ல் கொண்டுவந்து 2019 தொடக்கத்தில் முழுதாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஒவ்வொரு கட்டணச் சேனலும் தன் மாத விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், தனியாகவும் தர வேண்டும். தொகுப்பில் சேர்க்கும் சேனலுக்கு 19 ரூபாய் உச்சவரம்பு. 2020-ல் அதை 12 ஆகக் குறைத்தார்கள், வழக்குகள் நடந்து 2022 நவம்பரில் மறுபடி 19 ஆனது. விலை தெரிந்தால் கழிப்பது ஒரு நிமிடக் கணக்கு.

அதற்காக அங்கே சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023 பிப்ரவரியில் ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் புதிய விலையில் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சிக்னலை நிறுத்தின. நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் கூட்டமைப்பு சொன்னது. விலையை வெளியிடுவதால் சண்டை நிற்காது. சண்டை நடக்கும்போது யார் பணம் யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெளிவாகும். செவ்வந்தி கேட்பதும் அதைத்தான்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். உள்ளூர் நிலையங்களோடு நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்று 1999 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் பேசித்தான் ஆக வேண்டுமே தவிர, முடித்தாக வேண்டும் என்று இல்லை. விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன் மாதிரி கட்டணச் சேனல்களுக்கு அந்த விதியே பொருந்தாது. பேச்சு நடக்கும்போது சிக்னலை ஓடவிடு என்று உத்தரவிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அங்குள்ள தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியே சொல்லியிருக்கிறது. 2023 டிசம்பரில் முன்கூட்டி விலகினால் விதிக்கும் அபராதத்தைத் தடை செய்யவும், 2024 ஜனவரியில் 24 மணி நேரத்துக்கு மேல் சேனல் நின்றால் சந்தாதாரருக்குக் கழிவு தரவும் அது முன்மொழிந்தது. ஆக, இதெல்லாம் யாரோ நாலு பேர் கோபத்தில் கேட்பது இல்லை, ஒழுங்குமுறை ஆணையமே எழுதி வைத்த யோசனை.

ஏழாம்_அலை:
சரி. அபராதம் இல்லாமல் விலகும் உரிமையை நான் ஏற்கிறேன். வாங்கிய பொருள் மாறிவிட்ட பிறகு ஆளைக் கட்டிவைப்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கழிவு விஷயத்தில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. இரண்டு நாளில் முடியும் சண்டைக்கும் கழிவு என்றால் எல்லாச் சண்டையும் இரண்டு நாளில் சேனல்காரர் கேட்ட விலையில் முடியும்.

நடுநிசி:
நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன், செவ்வந்தி கவனியுங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்பதற்கே தனியாகப் பேரம் நடக்கும். 2023-ல் சார்ட்டர் என்ற அமெரிக்கக் கேபிள் நிறுவனத்தில் டிஸ்னி நின்றது ஆகஸ்ட் 31. 2024-ல் டைரக்ட்டிவியில் நின்றது செப்டம்பர் 1. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கும் நேரம் அது. சேனல்காரர் அப்படித்தான் தேதி கேட்பார், விநியோகிப்பவர் ஆட்டம் எதுவும் இல்லாத மாதம் கேட்பார். பார்ப்பவர் தவிக்கிற நேரம் எது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் இரண்டு பக்கமும் உட்காரும். நானும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன், இன்றைக்கு அது மனதை உறுத்துகிறது.

செவ்வந்தி:
அண்ணா, அப்படியென்றால் நான் கையெழுத்திட்ட அன்று விற்பனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதி தெரிந்திருக்குமா?

நடுநிசி:
விற்க வந்த பையனுக்குத் தெரிந்திருக்காது. நிறுவனத்துக்குத் தெரியும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

செவ்வந்தி:
நான் இணைப்பு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. அதாவது ஐந்து மாதத்தில் முடியப்போகும் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னை 24 மாதத்துக்குக் கட்டிவிட்டார்கள்.

அப்படியானால் என் கோரிக்கையில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். நீண்ட கால ஒப்பந்தம் போடுகிற நிறுவனம், அந்தக் காலத்துக்குள் எந்தெந்தச் சேனல் குழுமத்தோடு தன் ஒப்பந்தம் முடிகிறது, எந்தத் தேதியில் என்று விற்கும்போதே எழுதித் தர வேண்டும். ஏழாம்_அலை, இதில் விலை ரகசியம் எதுவும் வெளியே வராது. தேதி மட்டும்தான்.

ஏழாம்_அலை:
தேதி வெளியே தெரிந்தால் அந்த மாதத்துக்கு முன்னால் யாருமே புதிதாக இணைய மாட்டார்கள்.

செவ்வந்தி:
எனக்குத் தெரிந்திருந்தால் நானும் இணைந்திருக்க மாட்டேன். அப்பாவின் சேனல் எங்கே நிற்காமல் வருமோ அங்கே போயிருப்பேன். அதைத் தீர்மானிக்கும் உரிமையைத்தான் கேட்கிறேன். விலகல் கடிதம் நேற்று அனுப்பிவிட்டேன், நின்ற நாட்களின் தேதிகளையும் நீலத் திரையின் படத்தையும் சேர்த்து. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.