வடக்குத் தெரு குழு: வாசகசாலைக் கூரை

ஞாயிறு, காலை 7.12

கீழ வீட்டு அக்கா: பால் வாங்கப் போனபோது வாசகசாலையை எட்டிப் பார்த்தேன். மேற்குச் சரிவில் மூன்று ஓடு நழுவிக் கிடக்கிறது. நாளிதழ் மேசை முழுக்க ஈரம். படம் போட்டிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள்.

துபாய் தம்பி: அக்கா, அதை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாமே. இனி ஓட்டுக் கட்டிடத்தை யார் பார்ப்பார்கள்?

பெரியப்பா: மக்களே, அப்படிச் சொல்லாதே. உன் அப்பா பரீட்சைக்குப் படித்தது அந்தத் திண்ணையில்தான். மூன்று ஓடு நழுவினால் வீட்டையா இடிப்பார்கள்? பத்மநாபபுரம் அரண்மனையும் மரமும் ஓடும்தான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டம் ஏறுவதற்கு முன்பே இருந்த கட்டிடம். அங்கே பெய்கிற அதே இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும்தான் இங்கேயும் பெய்கிறது. 1956இல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறை அதை விடாமல் பார்த்துக்கொள்கிறது. கவனிக்க ஆள் இருப்பதால் நிற்கிறது.

கொத்தனார் மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டுக் கூரையைத் தாங்குகிற சாய்வு மரமான கழுக்கோல் ஒன்றின் நுனி கறுத்திருக்கிறது, இன்னும் அழுகவில்லை. ஐப்பசி மழையில் இப்படியே விட்டால் முதலில் ஓடு உட்காருகிற பட்டியல் சட்டம் போகும், அப்புறம் கழுக்கோல், அப்புறம் உத்தரம். உத்தரம் இறங்கினால் சுவர் பிளந்துவிடும்.

டீச்சர்: பின் சுவரில் முளைத்த அரசஞ்செடியைப் போன மாதம் நானே பிடுங்கினேன். மறுபடி துளிர்த்திருக்கிறது.

கொத்தனார் மாமா: பிடுங்காதீர்கள் டீச்சர். கல் அசையும், வேர் உள்ளேயே நிற்கும். சுவரோடு ஒட்ட அறுத்து, வேரைத் தோண்டி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைக்க வேண்டும். பிறகும் துளிர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

துபாய் தம்பி: சிமென்ட் வைத்தால் உறுதியாக நிற்காதா மாமா?

கொத்தனார் மாமா: தெற்குச் சுவரில் அதைத்தான் செய்தார்கள். அக்கா, அதையும் ஒரு படம் எடுங்கள்.

கீழ வீட்டு அக்கா: இதோ. சிமென்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. தட்டினால் டொக்கென்று கேட்கிறது. ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. செங்கல் மாவாக உதிர்கிறது.

கொத்தனார் மாமா: பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காய்ந்துவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும், ஈரமும் உப்பும் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரை ஆறவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி போட்டு என் அப்பா சாந்து அரைப்பார். எனக்குக் கை மறக்கவில்லை. கூலி வேண்டாம், சாமான் மட்டும் வாங்கித் தாருங்கள்.

துபாய் தம்பி: தெரியாமல் சொல்லிவிட்டேன் மாமா. சாமான் செலவு என்னுடையது. ஓடு கிடைக்குமா?

கீழ வீட்டு அக்கா: எங்கள் பழைய வீட்டு ஓடு தொழுவத்துக்குப் பின்னால் அடுக்கி இருக்கிறது. கேரளத்து ஃபெரோக் ஊர் ஓட்டு முத்திரை. வாசகசாலையில் விழுந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன், அதே முத்திரைதான். எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர்: கட்டிடம் பஞ்சாயத்துக்குச் சொந்தம், நாமாக ஏறக் கூடாது. ஓடு மாற்ற அனுமதி கேட்டு நாளைக்கே மனு கொடுப்போம். அக்டோபர் 2 கிராம சபையில் இடிக்காமல் பழுது பார்க்க வேண்டும், சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்வோம். போன தடவை வாயால் மட்டும் சொன்னோம், அது எந்தப் பதிவிலும் ஏறவில்லை. இந்தத் தடவை வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும்.

பெரியப்பா: சாவி என்னிடம் இருக்கிறது. இன்று நாலு மணிக்குத் திறக்கிறேன். பழைய வார இதழ்க் கட்டுகளைக் கிழக்கு அறைக்கு மாற்றிவிடுவோம்.

கீழ வீட்டு அக்கா: நானும் பிள்ளைகளும் வருகிறோம். மேசையைத் துடைக்கப் பழைய துணி கொண்டுவருகிறேன்.

கொத்தனார் மாமா: மேசையைத் தூக்க நாலு பேர் வேண்டும். அது தேக்கு.