டர்போ கார் மேல் வேகத்தில் திணறுகிறது: பம்பை மாற்றுவதா, முதலில் அளப்பதா?

ஈசூன்வாசி
வணக்கம். என்னுடையது சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர்கள், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றி, கணினியையும் அதற்கேற்பச் சீரமைத்தாயிற்று. பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்) 1.2 பார். (ஒப்புதல் வாங்கினாயா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கடிதம் கையில் இருக்கிறது.)

மூன்றாம், நான்காம் கியரில் 5,500 சுற்றைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல் கார் திணறுகிறது. காற்று–எரிபொருள் விகிதம் 11.3இல் நிற்க வேண்டியது 13.2க்கு ஏறிவிடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை. உடனே காலை எடுத்துவிடுகிறேன். போன மாதம் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் காலையில் தொட்டியை நிரப்பிவிட்டு ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. மதியத்துக்கு மேல் இதே தொல்லை. பம்பைப் பொருத்திய பட்டறையில் “இது போதாது, இன்னும் பெரியதாகப் போடு” என்கிறார்கள். போடலாமா?

காக்கிபுக்கிட்காரன்
போடுங்கள் தம்பி. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். காலையில் நன்றாக ஓடி மதியத்தில் திணறினால் அது சூடேறிய பம்ப். ரெயிலிலிருந்து (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) திரும்பி வரும் பெட்ரோல் என்ஜின் சூட்டையும் சேர்த்துத் தொட்டிக்குக் கொண்டுவரும், பம்ப் அதிலேயே வெந்துகொண்டிருக்கும். பெரிய பம்ப், கூடவே பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த ஒயர். முடிந்தது வேலை.

அளவுகோல்
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ரெயிலில் அழுத்தம் எவ்வளவு என்று இதுவரை யாராவது பார்த்தார்களா? காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தெரியாமலே ஊசி போடச் சொல்கிறீர்கள்.

இந்த வண்டியில் பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டால் அழுத்தம் 3 பார் இருக்க வேண்டும். பூஸ்ட் ஏற ஏற அதே அளவு இதுவும் ஏறும். 1.2 பார் பூஸ்ட் என்றால் ரெயிலில் 4.2. இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விகிதம் 11.3இலிருந்து 13.2க்குப் போனது என்றால் எரிபொருள் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்திருக்கிறது. திருப்பிக் கணக்குப் போட்டால் வேறுபாடு 3இலிருந்து 2.2க்கு விழுந்திருக்க வேண்டும். ஆகவே டைனோவில் (நின்ற இடத்திலேயே சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டுச் சோதிக்கும் மேடை) ஏற்றி அளந்தால் அழுத்த மீட்டரின் முள் 4.2க்குப் பதிலாக 3.4 பக்கம் நிற்கும் என்பது என் ஊகம். 4.2இல் அசையாமல் நின்றால் பம்பின் மீது பழி இல்லை.

தயவுசெய்து டைனோவில் செய்யுங்கள். தீவு விரைவுச்சாலை சோதனைக்கூடம் அல்ல. பெட்ரோல் குழாயோடு சேர்ந்த அந்த அழுத்த மீட்டரை ஒருநாளும் காருக்குள் கொண்டுவர வேண்டாம். பானெட்டுக்கு வெளியே இழுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டி உள்ளிருந்து பாருங்கள்.

தீப்பொறி
நீங்கள் இருவரும் பெட்ரோலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஸ்பார்க் பிளக் சரியாகப் பற்றவைக்காவிட்டாலும் எரியாத ஆக்ஸிஜன் வெளியே போகும். விகிதம் காட்டும் மீட்டர் அதைப் பார்த்து “எரிபொருள் குறைவு” என்று பொய் சொல்லும். என் காரில் இதற்காகவே இரண்டு பம்ப் மாற்றினேன். கடைசியில் பிளக் இடைவெளியைக் குறைத்ததும் சரியானது.

அளவுகோல்
நியாயமான சந்தேகம். அதற்கும் நான் சொன்ன அழுத்த மீட்டர்தான் பதில் சொல்லும். அழுத்தம் குறையாமல் விகிதம் மட்டும் ஏறினால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

காக்கிபுக்கிட்காரன்
டைனோவுக்குக் கொடுக்கும் காசில் பாதி பம்ப் வாங்கிவிடலாம். எழுதுகிறவர்களுக்கு என்ன, பட்டறை வாடகை கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

அளவுகோல்
அவர் ஏற்கெனவே ஒரு பம்ப் வாங்கிவிட்டார், அண்ணே.

ஈசூன்வாசி, ஒரு கேள்வி. ஜோகூருக்குப் போகும்போது எல்லையைத் தாண்டியதும் இந்தத் தொல்லை வந்திருக்கிறதா?

ஈசூன்வாசி
யோசித்துப் பார்த்தால், இல்லை. ஒருமுறைகூட இல்லை. எல்லாம் இங்கே ஊருக்குள், வேலைக்குப் போய்வரும்போதுதான்.

அளவுகோல்
முக்கால் தொட்டி இல்லாமல் சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்ட முடியாது. செப்பாங்கிலும் காலையில் நிரப்பினீர்கள். மதியத்தில் கார் சூடாகவும் இருந்தது, தொட்டி காலியாகவும் இருந்தது. அண்ணன் சூட்டை மட்டும் பார்க்கிறார். இரண்டையும் பிரித்துச் சோதியுங்கள்: குளிர்ந்த காரில் கால் தொட்டி, பிறகு நன்றாகச் சூடான காரில் முக்கால் தொட்டி.

ஈசூன்வாசி
சனிக்கிழமை டைனோ பதிவு செய்துவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஒருநாள் பெட்ரோல் மீட்டர் கால் தொட்டி காட்டும்போதே சிக்னலில் என்ஜின் அணைந்து போயிற்று. பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் ஊற்றியதும் கிளம்பிவிட்டது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அளவுகோல்
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

ஈசூன்வாசி
சனிக்கிழமை முடிவு. காலையில் குளிர்ந்த கார், கால் தொட்டி: 5,000 சுற்று வரை ஒழுங்காக ஏறிய முள் அதற்கு மேல் நடுங்கத் தொடங்கி 3.3க்கும் 3.6க்கும் இடையே ஆடியது. உடனே நிறுத்திவிட்டோம். பிறகு முக்கால் தொட்டிக்கு ஊற்றி, ஐந்து முறை தொடர்ந்து ஓட்டிச் சூடேற்றினோம். 4.2. ஆணி அடித்தாற்போல் நின்றது. பம்பின் முனையில் மின்னழுத்தம் 12.9 வோல்ட்.

தீப்பொறி
சரி, பிளக் தப்பித்தது.

அளவுகோல்
பின்னிருக்கையைத் தூக்கித் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்பதால் டிரைவ் ஷாஃப்ட் போக இடம் விட்டு, உங்கள் தொட்டி குதிரைச் சேணம் போல் இரண்டு பள்ளமாக இருக்கும். பம்ப் ஒரு பள்ளத்தில் மட்டுமே. திரும்பி வரும் பெட்ரோலின் வேகத்தைக் கொண்டு மறுபள்ளத்திலிருந்து இழுத்துவர ஒரு சிறு ஜெட் பம்ப் உண்டு. அந்தக் குழாய் கழன்றிருந்தால் ஒரு பக்கம் வறண்டு, மறுபக்கம் தேங்கிக் கிடக்கும். பெட்ரோல் மீட்டர் இரண்டு மிதவைகளையும் சேர்த்துக் காட்டுவதால் உங்களுக்குத் தெரியாது.

ஈசூன்வாசி
திறந்தாயிற்று. ஜன்னல்களை எல்லாம் இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு. பம்ப் பக்கம் விரற்கடை அளவுதான் பெட்ரோல். மறுபக்கம் டார்ச் அடித்தால் பளபளவென்று குளம் போல் நிற்கிறது. இணைப்புக் குழாய் முனையில் கிளிப் இல்லை. தானாகக் கழன்ற மாதிரியும் தெரியவில்லை, மாட்டவே இல்லை. புதுப் பம்ப் போட்டவர்கள் மறந்துவிட்டார்கள். பெட்ரோலில் ஊறினாலும் கெடாத குழாயாகப் பார்த்து வாங்கி, கிளிப் போட்டு இறுக்கினேன். நேற்று மறுபடி கால் தொட்டியில் டைனோவில் ஏற்றினோம்: 4.2, விகிதம் 11.3.

காக்கிபுக்கிட்காரன்
தொட்டிக்குள்தான் கோளாறு என்று முதல் நாளே சொன்னேன்.

அளவுகோல்
பம்பை மாற்று என்று சொன்னீர்கள், அண்ணே. அதே கை இன்னொரு பம்பைப் போட்டிருந்தால் அந்தக் குழாய் மறுபடியும் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

காக்கிபுக்கிட்காரன்
என் பட்டறையில் தொங்காது. தம்பி, ஒயரையாவது மாற்றுங்கள். 12.9 போதாது.

அளவுகோல்
4.2இல் நிற்கும்போது எதற்கு போதாது?

ஈசூன்வாசி
ஒயர் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கைத் துணியில் பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.