20 கிலோ 400 கிராம்: சாக்கு எடையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாமா?

சித்தி மகன், 23 வயது. கஞ்சா வழக்கில் 47 நாளாக மதுரை மத்திய சிறையில் இருக்கிறான். அவன் ஓட்டி வந்த வேனில் மூட்டை இருந்ததாம், எடை 20.4 கிலோ. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: 10 முதல் 20 ஆண்டு சிறை, குறைந்தது 1 லட்சம் அபராதம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 37ஆம் பிரிவைக் காட்டி (வணிக அளவு வழக்கில் ஜாமீனைக் கடினமாக்கும் பிரிவு) ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

50ஆம் பிரிவு மீறல் என்று வாதாடிப் பார்த்தோம். அது உடல் சோதனைக்குத்தான், மூட்டைக்குப் பொருந்தாதாம். (சரி, அது வக்கீலுக்கே தெரிந்திருக்க வேண்டும்.) அப்புறம் மகஜர் (பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவு) நகல் வாங்கிப் படித்தால், சாக்கோடு சேர்த்தே எடை போட்டிருக்கிறார்கள். 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்த ஆவணம் இன்னும் கைக்கு வரவில்லை.

மறு எடை கேட்கும் மனுவைச் சிறப்பு நீதிமன்றத்திலேயே போடுவதா, நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதா?